வழுவும் அமைதியும்: தொடர்படைப்புகளில் கதையுலக மரபும் பாகங்களின் தரமும் – 'பொன்னியின் செல்வ'னின் நாகைக் காட்சிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பல பாகங்களாக நீளும் படைப்பு ஒன்றைப் பற்றி அதன் சுவைஞர்கள் நிகழ்த்தும் உரையாடலில் இரண்டு வினாக்கள் இடையறாது எழுகின்றன. கதையுலகச் செய்திகள் தம்முள் முரணாமல் நிற்கின்றனவா என்பது ஒன்று. எந்தப் பாகம் சிறந்தது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குக் கிடைக்கும் விடையே இரண்டாம் வினாவுக்கும் விடையாகக் கொள்ளப்படுவதால் மதிப்பீடு தடம் மாறுகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில் இடம்பெறும் நாகப்பட்டினக் காட்சிகளையும் ஆதித்த கரிகாலன் கொலையையும் பற்றிய வாசகர் வாதங்கள் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுத் தொடரான 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' குறித்து அதன் ஆட்டக்காரர்கள் நிகழ்த்தும் வாதங்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தமிழ் இலக்கண மரபு தரும் வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் பாகுபாடு இவ்விரு வினாக்களையும் பிரித்தறியவும் மீண்டும் முறையாக இணைக்கவும் உதவும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: பொன்னியின் செல்வன், கதையுலக மரபு, வழுவமைதி, சூடாமணி விகாரம், ஆனைமங்கலச் செப்பேடு, கணினி விளையாட்டு, வாசகர் திறனாய்வு

முன்னுரை

காரைக்கால் மாவட்டத்தின் தென்னெல்லையில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த கடற்கரைச் சிற்றூர் கீழவாஞ்சூர். 2009ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் காரைக்கால் துறைமுகம் இவ்வூரில் அமைந்துள்ளது. தெற்கே சென்றால் நாகூர், அதனை அடுத்து நாகப்பட்டினம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்தபோது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அதன் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது. நாவலின் இளவரசன் நாகையில் அடைக்கலம் புகுந்த அத்தியாயங்கள் அச்சேறிய நாள்களில், அந்த நாகைக்கு வடக்கே ஒரு பன்னாட்டு எல்லை கடற்கரையைக் குறுக்கே வெட்டிக் கிடந்தது. நாவல் காட்டும் சோழநாட்டுக் கரையில் அத்தகைய எல்லை எதுவும் இல்லை.

எல்லையற்ற அந்தக் கரை வாசகர் மனத்தில் உறுதியாகப் பதிந்துள்ளது. கோடிக்கரை, நாகப்பட்டினம், ஆனைமங்கலம் ஆகிய பெயர்களைக் கேட்டவுடன் பூங்குழலியின் படகும் புயலும் நினைவுக்கு வரும் வாசகர் பலர். அவர்களுள் சிலர் நாவலின் களங்களுக்குக் குழுவாகப் பயணம் செய்கின்றனர். கல்வெட்டுகளை வாசிக்கப் பயில்கின்றனர். நாவலின் எந்தச் செய்தி சான்றுடையது, எது கற்பனை என்று வாதிடுகின்றனர். ஐந்து பாகங்களுள் எது சிறந்தது, பிறர் எழுதிய தொடர்ச்சிகளுள் எது ஏற்கத்தக்கது, திரைப்படம் நாவலுக்கு நேர்மையாக உள்ளதா என்பனவும் அவர்களின் வாதப் பொருள்களாகும். கல்விப்புலம் இவ்வுரையாடலைப் பெரும்பாலும் ரசனைப் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறது. ஆயினும் அதனுள் ஒரு திறனாய்வு முறை செயல்படுகிறது. அம்முறையின் வலிமையும் குறையும் ஆராயத்தக்கவை.

தொடர்கதையும் தொடர்விளையாட்டும்

பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டில் ஆட்டக்காரர் ஒரு கதைமாந்தரின் இடத்தை ஏற்று, கற்பனை உலகொன்றில் உலவித் தம் தேர்வுகளால் கதையை நகர்த்துகிறார். 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' இவ்வகையில் நெடுங்காலமாகத் தொடரும் வரிசை. 'அரீனா' (1994), 'டாகர்ஃபால்' (1996), 'மோரோவிண்ட்' (2002), 'ஒப்லிவியன்' (2006), 'ஸ்கைரிம்' (2011) என அதன் முதன்மைப் பாகங்கள் வெளிவந்தன. இவை அனைத்தும் ஒரே கற்பனை உலகில் நிகழ்கின்றன. அவ்வுலகின் அரசமரபு, சமயம், போர்கள், நிலவியல் ஆகியவற்றைப் பற்றிய செய்தித்தொகுதியை ஆட்டக்காரர்கள் 'லோர்' என்பர். இக்கட்டுரை அதனைக் கதையுலக மரபு எனக் குறிக்கிறது. இம்மரபின் பெரும்பகுதி விளையாட்டினுள் ஆட்டக்காரர் கண்டெடுத்து வாசிக்கும் நூல்களாக அமைந்திருக்கிறது. அவ்வுள்நூல்களுக்குக் கற்பனை ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் ஒருவரையொருவர் மறுத்தும் எழுதுவர்.

எல்லாத் தொடர்களும் இவ்வாறு அமைவதில்லை. 1987இல் தொடங்கிய ஜப்பானியத் தொடரான 'ஃபைனல் ஃபேண்டஸி'யின் எண்ணிட்ட பாகங்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றும் புதியதோர் உலகைப் படைத்துக்கொள்கின்றன. அங்கு முன்பாகத்தோடு முரண்படுதல் என்னும் குற்றச்சாட்டுக்குப் பெரிதும் இடமில்லை. எந்தப் பாகம் சிறந்தது என்னும் வாதம் மட்டும் அங்கும் ஓயாது நடைபெறுகிறது. கதையுலக மரபின் ஒழுங்கும் ஒரு பாகத்தின் தரமும் வேறுவேறு வினாக்கள் என்பதை இவ்வேறுபாடே காட்டிவிடுகிறது.

கல்கியின் வரலாற்று நாவல்களிலும் இவ்விருவகை உறவும் உண்டு. 'பார்த்திபன் கன'வும் 'சிவகாமியின் சபத'மும் ஒரே பல்லவ உலகைப் பகிர்ந்துகொள்பவை. பின்னர் எழுதப்பட்ட 'சிவகாமியின் சபதம்' கதைக்காலத்தால் முற்பட்டது. எனவே அது முன்னதன் மாந்தரையும் செய்திகளையும் மனத்திற்கொண்டே எழுதப்பட வேண்டியிருந்தது. 'பொன்னியின் செல்வன்' சோழர் உலகில் புதிதாகத் தொடங்கியது. ஆனால் அதுவே பிறர் தொடரும் உலகாகவும் பின்னாளில் மாறியது. விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' கல்கி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' இராசேந்திரன் காலத்தையும், பாலகுமாரனின் 'உடையார்' பெரியகோயில் எழுந்த காலத்தையும் எடுத்துக்கொள்கின்றன. பின்னிரண்டும் தனித்த ஆக்கங்களாயினும், வாசகர் அவற்றைக் கல்கியின் உலகோடு பொருத்தியே படிக்கின்றனர். வந்தியத்தேவன் பெயர் வந்தவுடன் கல்கியின் வந்தியத்தேவனே அவர்தம் கண்முன் நிற்கிறான். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு அப்பெயரைக் குந்தவையின் கணவர் என்ற அளவிலேயே தருகிறது. எஞ்சியவை கல்கி தந்தவை.

வழு, வழாநிலை, வழுவமைதி

இலக்கணத்தின்படி பிழையற்ற தொடர் வழாநிலை எனப்படும். பிழையுடையது வழு. பிழையாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்கப்படுவது வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும். தொல்காப்பியச் சொல்லதிகார உரையாசிரியர்களும் நன்னூலாரும் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். உண்ணும் முன்னரே ஒருவன் தன்னை அழைக்கும் துணைவனிடம் 'உண்டேன், வந்தேன்' என்று கூறுவது காலவழு. விரைவு என்னும் பொருளை உணர்த்துவதால் அது அமைதி பெறுகிறது.

இப்பாகுபாட்டில் கருதத்தக்கன இரண்டு. முதலாவது, அமைதி கூறுதல் வழுவை மறைப்பதன்று. வழு நேர்ந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகே அமைதிக்கு இடம் உண்டாகிறது. இரண்டாவது, அமைதிக்குக் காரணம் வேண்டும். அக்காரணம் சொல்லுவான் குறிப்பிலும் அச்சொல் விளைக்கும் பயனிலும் இருக்க வேண்டும். சொல்லியவர் பெரியோர் என்பது மட்டும் காரணமாகாது.

தொடர்படைப்புகளின் சுவைஞர்கள் முரண் ஒன்றைக் கண்டவுடன் இம்மூன்று நிலைகளுள் ஒன்றையே மேற்கொள்கின்றனர். ஒரு சாரார் அதனை வழு என்று கூறிப் படைப்பின் மதிப்பைக் குறைப்பர். மறு சாரார் முரணே இல்லை, அது வழாநிலையே என்று நிறுவ முயல்வர். மூன்றாம் சாரார் அமைதி தேடுவர். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' தொடரில் இதற்கு எடுத்துக்காட்டு ஒன்றைக் காட்டலாம். 1998இல் வெளிவந்த கிளைப்பாகமான 'ரெட்கார்ட்' விளையாட்டுடன் தரப்பட்ட கையேடு, சீரோடில் என்னும் நடுநாட்டை அடர்ந்த வெப்பமண்டலக் காடு என்று கூறியது. 2006இல் 'ஒப்லிவியன்' அந்நாட்டைக் காட்சியாகக் காட்டியபோது, அது மிதவெப்ப நிலத்தின் புல்வெளியும் மரச்சோலையுமாக இருந்தது. இதற்குப் பின்னர் இருவகை விளக்கங்கள் கதையுலகினுள்ளேயே எழுந்தன. தெய்வநிலை எய்திய பேரரசன் ஒருவன் நிலத்தின் இயல்பையே மாற்றிவிட்டான் என்பது ஒன்று. காடு என்னும் குறிப்பு ஏடு பெயர்த்தெழுதியோர் பிழை என்று ஓர் உள்நூல் கருதுவது மற்றொன்று.

இரண்டாம் விளக்கம் தமிழாய்வாளருக்குப் புதியதன்று. பாடம் பொருந்தாவிடத்து ஏடெழுதுவோர் பிழை எனக் கொள்வதும், இடைச்செருகல் என ஒதுக்குவதும் சுவடிப் பதிப்பில் பழகிய முறைகள். கற்பனை உலகைப் படைத்தோர் தம் முரணைத் தீர்க்க மூலபாடத் திறனாய்வின் கருவியையே கையாண்டுள்ளனர். ஆயினும் இவ்விளக்கங்கள் இரண்டும் முரணை நீக்குகின்றனவேயன்றி, காட்டு நிலம் புல்வெளியானதால் 'ஒப்லிவியன்' என்னும் பாகம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதைக் கூறவில்லை. வழுவுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. வழுவமைதி இன்னும் கிடைக்கவில்லை.

சூடாமணி விகாரம்: ஒரு காலவழு

'பொன்னியின் செல்வன்' பற்றிய வாதங்களுள் கீழைக்கடற்கரையோடு நேரடித் தொடர்புடையது சூடாமணி விகாரம் பற்றியது. நாவலில் இளவரசன் அருள்மொழிவர்மன் நோயுற்ற நிலையில் கோடிக்கரையிலிருந்து படகில் நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவரப்படுகிறான். பூங்குழலியும் சேந்தன் அமுதனும் அவனை அழைத்துவந்து பௌத்தத் துறவியரின் விகாரத்தில் சேர்க்கின்றனர். ஐந்தாம் பாகத்தின் தொடக்கத்தில் கடல் பொங்கி விகாரம் நீரில் மூழ்குகிறது. கதை நிகழ்வது சுந்தர சோழரின் இறுதிக் காலம்.

ஆனைமங்கலச் செப்பேடுகள் வேறொரு காலத்தைக் காட்டுகின்றன. நெதர்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றும் வழங்கப்பெறும் இவை, ஸ்ரீவிசய மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுத்த விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கியதைக் கூறுகின்றன. அவ்வாட்சியாண்டு ஏறத்தாழ கி.பி. 1005ஐச் சாரும். நாவலின் கதைக்காலத்துக்கும் இதற்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. இலக்கணச் சொல்லால் கூறின் இது காலவழு.

வாசகர் இதனை எதிர்கொள்ளும் முறைகள் முன்கூறிய மூவகையுள் அடங்கும். வழு என்போர் செப்பேட்டைக் காட்டுவர். வழாநிலை என்போர், நாகையில் பௌத்தம் இராசராசனுக்கு முன்னரே வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுவர். இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் சீனரின் பொருட்டுப் பௌத்தக் கோயில் ஒன்றை எடுத்தான் என்னும் செய்தியை நாகையோடு பொருத்திக் காணும் ஆய்வாளரும் உளர். எனவே முன்பே இருந்த பள்ளியைக் கல்கி பிற்காலப் பெயரால் குறித்தார் என்பது இவர்தம் வாதம். இவ்வாதம் நாகைப் பௌத்தத்தின் பழமையை நிறுவுமேயன்றி, அப்பெயருடைய விகாரம் அக்காலத்தில் இருந்தது என்பதை நிறுவாது. ஆகவே வழு வழுவாகவே நிற்கிறது.

இனி அமைதிக்குக் காரணம் உண்டா என்று காண வேண்டும். செப்பேட்டுச் செய்தியைக் கல்கி அறியாதவர் அல்லர். ஆனைமங்கலமும் நாவலின் களங்களுள் ஒன்றாக இடம்பெறுவதே அதற்குச் சான்று. பின்னாளில் ஒரு மன்னன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் வழங்கினான் என்பது செப்பேடு தரும் வறிய செய்தி. சைவ மரபில் வந்த அம்மன்னன் அதனை ஏன் வழங்கினான் என்பதற்கு நாவல் ஓர் அகக்காரணம் படைக்கிறது. இளமையில் நோயிலும் புயலிலும் அவனைக் காத்தது அவ்விகாரம். நீரில் மூழ்கும் விகாரத்திலிருந்து தலைமைத் துறவியை அவன் காக்கும் காட்சியில் கொடுத்தலும் பெறுதலும் இடம் மாறுகின்றன. கொடை என்னும் அரசச் செயல் நன்றிக்கடனாகப் பொருள்படுகிறது. முப்பது ஆண்டுகளை முன்னிழுத்ததனால் நாவல் ஈட்டியது இது. உண்ணுமுன் 'உண்டேன்' என்பவன் காலத்தைப் பிழைத்து விரைவை உணர்த்துவது போல, நாவல் காலத்தைப் பிழைத்துக் கொடையின் காரணத்தை உணர்த்துகிறது. இது வழுவமைதி என்னும் பெயருக்கு உரியது.

இம்முடிவில் இரண்டு கூறுகள் உடன் நிற்கின்றன. வரலாறாகக் கொண்டால் நாகைக் காட்சி பிழையானது. நாவலாகக் கொண்டால் அப்பிழை பயனுடையது. ஒன்றைக் கூறுவதற்காக மற்றொன்றை மறுக்கத் தேவையில்லை.

கரிகாலன் கொலை: விடையின்மையின் பயன்

முரண் ஒருவகைச் சிக்கல் எனின், விடையின்மை மற்றொரு வகை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வினா நாவலின் வாசகரை மிகுதியாக ஈர்ப்பது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறித்து, அவர்தம் உறவினர் நிலங்கள் கைக்கொள்ளப்பட்டு விற்கப்பட்ட செய்தியை அது தருகிறது. ஏவியவர் யார் என்பதை அது கூறவில்லை. இடைப்பட்ட உத்தம சோழன் ஆட்சியில் நடவடிக்கை எடுக்கப்பட்டதற்குச் சான்று இல்லாமையால் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அம்மன்னன்மேல் ஐயம் கொண்டார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். குடவாயில் பாலசுப்ரமணியன் இக்கல்வெட்டை மீண்டும் ஆராய்ந்துள்ளார்.

கல்கி இவ்வினாவை நாவலுக்குள்ளும் மூடவில்லை. கடம்பூர் மாளிகையின் இருளில் கொலை நிகழ்கிறது. அங்கிருந்தோர் பலருக்கும் காரணம் உண்டு. குற்றம் தம்முடையதே என்று ஏற்க முன்வருவோரும் உண்டு. விளக்கு அணைந்ததால் வாசகர் கண்ணால் காணவில்லை. இது கதைப்பின்னலின் தளர்ச்சி என்று குறை கூறுவோர் உளர். அவரவர் கண்டறிந்த கொலையாளியை நிறுவ அத்தியாயங்களை ஒப்பிட்டு வாதிடுவோர் அவரினும் மிகுதி.

'மோரோவிண்ட்' விளையாட்டிலும் இதனையொத்த மையம் ஒன்று உண்டு. நெரெவார் என்னும் பழந்தலைவன் போர்ப்புண்ணால் இறந்தானா, அவனுடைய தோழர்களே அவனைக் கொன்று பின்னர்த் தெய்வங்களாயினரா என்பது பற்றி அவ்வுலகின் நூல்கள் மாறுபட்டுக் கூறுகின்றன. விளையாட்டு இறுதிவரை தீர்ப்பு வழங்குவதில்லை. அத்தொடரின் பாகங்களுள் 'மோரோவிண்ட்' சிறந்தது என்போர் பலர் அதன் சிறப்பாகக் காட்டுவது இவ்விடையின்மையையே. ஆட்டக்காரர் தாம் ஏற்ற பாத்திரத்தின் நிலையில் எந்தச் சான்றை நம்புவது என்று தாமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. சான்றுகளை எடைபோடுதலே அங்கு ஆட்டமாகிறது.

முந்தைய பாகமான 'டாகர்ஃபால்' இதற்கு மாறானது. அதற்குப் பல முடிவுகள் இருந்தன. எந்த முடிவைத் தொடர்ச்சிக்கு அடிப்படையாகக் கொள்வது என்னும் சிக்கல் எழுந்தபோது, காலம் உடைந்து எல்லா முடிவுகளும் ஒருங்கே நிகழ்ந்தன என்று பின்வந்த பாகங்கள் கூறின. எந்த ஆட்டக்காரரின் தேர்வும் பொய்யாகவில்லை. அதே வேளையில் எவருடைய தேர்வுக்கும் தனி விளைவும் இல்லாமற்போயிற்று. கதையுலக மரபை ஒழுங்குபடுத்தும் திறமையான தீர்வு இது. அதன் விலையும் தெளிவானது.

இவற்றோடு ஒப்பிடின் கல்கி மேற்கொண்ட வழியின் தன்மை விளங்கும். அவர் கொலையாளியைத் தீர்மானித்திருந்தால் கல்வெட்டின் மௌனத்தைக் கற்பனையால் நிரப்பியவராவார். எல்லா ஊகங்களும் மெய் என்றிருந்தால் கொலை என்னும் செயலின் கனம் குறைந்திருக்கும். ஒவ்வொருவரையும் குற்றவுணர்வின் அருகில் நிறுத்தி, சான்றை மட்டும் இருளில் விட்டார். ஆவணத்தின் மௌனம் நாவலின் உணர்வாக மாறியது. இங்குத் தீராத வினா தரத்தின் குறையாகவில்லை. தரம் அதிலிருந்தே பிறக்கிறது.

பாகங்களின் தரம்

நாவலின் ஐந்து பாகங்களில் மொத்தம் 293 அத்தியாயங்கள் உள்ளன. 'புது வெள்ளம்' 57, 'சுழற்காற்று' 53, 'கொலை வாள்' 46, 'மணிமகுடம்' 46, 'தியாகச் சிகரம்' 91 என அவை பகுந்துள்ளன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறுதிப் பாகத்தில் அடங்குகிறது. முதற்பாகத்தின் விரைவை இறுதிப் பாகத்தில் காணவில்லை என்பது வாசகர் சிலரின் குறை. இவ்வளவு நீண்டும் முடிவு திடுமென வந்துவிட்டது என்பது மற்றொரு குறை. பின்னதற்கு விடையிறுக்கும் வகையில் கல்கியே முடிவுரை ஒன்றை எழுதி, கதைமாந்தரின் பிற்கால வாழ்வைச் சுருக்கித் தந்தார். தொடர்படைப்பின் ஆசிரியர் தம் வாசகரின் குறைகேட்டு நூலினுள்ளேயே மறுமொழி தருவதற்கு இது தெளிவான சான்று.

அவர் தந்த மறுமொழி கதையுலகச் செய்தியாக அமைந்ததைக் கவனிக்க வேண்டும். வாசகர் கேட்டது பாகத்தின் வடிவம் பற்றிய வினா. கிடைத்தது மாந்தருக்குப் பின்னர் நேர்ந்தது என்ன என்னும் செய்தி. வடிவக்குறை செய்தியால் நிறைவுறுவதில்லை. ஆனால் அச்செய்திப் பட்டியல் பிற எழுத்தாளருக்குத் தொடர்ச்சிகள் எழுதும் வித்தாயிற்று. முடிவு முழுமை பெறவில்லை என்னும் மனக்குறைக்கும் சோழர் வரலாற்று நாவல்கள் பெருகியமைக்கும் தொடர்பு உண்டு.

தொடர்ச்சிகளை மதிப்பிடுகையில் வாசகர் முதலில் கேட்பது, கல்கியின் மாந்தர் மாறாமல் இருக்கின்றனரா என்பதே. அது நியாயமான தொடக்கம். அதுவே முடிவாகுமாயின், தன் மையத்தை வேறிடத்தில் வைத்த படைப்பு தவறாக அளக்கப்படும். 'உடையா'ரின் ஆர்வம் கோயில் கட்டுமானத்திலும் பஞ்சவன்மாதேவியின் நிலையிலும் குவிகிறது. சாகசத்தை எதிர்பார்த்து அதனைக் குறைகூறுவது, பாலையைப் பாடிய செய்யுளில் மருதம் இல்லை என்று குறைகூறுவதை ஒக்கும்.

மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்த திரைப்படத்துக்கும் இது பொருந்தும். மணிமேகலை என்னும் பாத்திரம் அதில் இல்லை. சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்னும் நாவலின் திருப்பமும் கைவிடப்பட்டது. நாவலின் பற்றாளர்கள் இவற்றை வழு என்றனர். திருப்பம் நீங்கியதால் அருள்மொழியின் தியாகம் நேரடியாகவும் அரசியல் தெளிவோடும் வெளிப்படுகிறது. பூக்கட்டும் எளியவன் ஒருவன் அரியணைக்குரியவனாகும் வியப்பும், முடிசூட்டு விழாவில் நேரும் குறும்பும் இழக்கப்பட்டன. மணிமேகலை இல்லாமையால் கொலைப்பழியைத் தன்மேல் ஏற்க முன்வரும் பேதைமையின் துயரம் இல்லாமற்போயிற்று. முதல் மாற்றத்துக்கு ஓரளவு அமைதி கூற இயலும். இரண்டாவதில் இழப்பே மிகுதி. திரைப்படம் முழுவதையும் ஒரே சொல்லால் ஏற்பதோ தள்ளுவதோ இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

வெளிச்சான்று

இதுவரை கண்ட ஒப்பீடு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. விளையாட்டின் உலகுக்குப் புறம் இல்லை. சீரோடில் காடா, புல்வெளியா என்பதற்கு விளையாட்டுக்கு வெளியே சான்று கிடையாது. படைத்தவர் மாற்றினால் மாறியதே உண்மை. வரலாற்று நாவலுக்கோ புறம் உண்டு. எந்த முடிவுரையும் ஆனைமங்கலச் செப்பேட்டின் ஆட்சியாண்டை மாற்ற இயலாது. ஆதலின் நாவலின் கதையுலக மரபைக் காப்பதற்காக வரலாற்றுச் சான்றை வளைக்கும் போக்கு, விளையாட்டின் சுவைஞரிடம் தீங்கற்றதாயினும், இங்குத் தீங்குடையது.

இக்கரையில் அத்தீங்கு வெறும் ஊகமன்று. நாகப்பட்டினத்தில் பௌத்தக் கட்டடத்தின் எச்சமாகக் கருதப்பட்ட செங்கற் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அப்பகுதியில் கிடைத்த பௌத்தச் செப்புத்திருமேனிகள் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றைப் பற்றி டி.என். இராமச்சந்திரன் எழுதிய நூல் 1954இல், அதாவது நாவல் நிறைவுற்ற ஆண்டிலேயே வெளிவந்தது. நூல் ஆய்வாளரிடம் தங்கியது. நாவல் இல்லந்தோறும் சென்றது. செப்பேடு ஐரோப்பாவில், திருமேனிகள் சென்னையில், கோபுரம் எங்குமில்லை என்னும் நிலையில், நாகையில் மக்கள் மனத்தில் நிற்கும் ஒரே விகாரம் கல்கி எழுப்பியது. வாசகர் அதனைச் சுந்தர சோழர் காலத்து விகாரமாகவே அறிவர்.

கதை இடத்தின் வரலாறாக மாறுவது இக்கரைக்குப் புதியதும் அன்று. கீழவாஞ்சூரை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் காளமேகப் புலவர் எமகண்டம் பாடி வென்றார் என்பதும், பின்னர் மண்மாரி பொழியுமாறு ஊரைச் சபித்தார் என்பதும் தனிப்பாடல் மரபு தரும் கதைகள். அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் தமிழ் பயின்றோர் நினைவுக்கு வருவது அக்கதையே. பாடல்களின் சுவை குன்றாமலே அக்கதையை வரலாற்றிலிருந்து பிரித்தறிய இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பழகியுள்ளனர். அதே பழக்கம் நவீன நாவலுக்கும் தேவைப்படுகிறது.

முடிவுரை

தொடர்படைப்புகளின் சுவைஞர்கள் நுணுக்கமான வாசகர்கள். அத்தியாயத்தோடு அத்தியாயத்தையும் பாகத்தோடு பாகத்தையும் நூலோடு கல்வெட்டையும் ஒப்பிடும் அவர்தம் உழைப்பு, பழைய உரையாசிரியர்களின் உழைப்புக்கு உறவுடையது. முரணைக் கண்டறிவதில் அவர்கள் வல்லவர்கள். கண்ட முரணைக் கொண்டு உடனே தரத்தைத் தீர்மானிப்பதும், போற்றும் படைப்பில் முரணே இல்லை என்று மறுப்பதும் அவர்கள் வாதத்தின் இரு குறைகள்.

வழுவமைதி என்னும் கருத்து இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியைத் தருகிறது. முதலில் வழுவை வழுவென்று ஒப்புதல் வேண்டும். அடுத்து அவ்வழு படைப்புக்கு ஈட்டித் தந்தது யாது என்று வினவுதல் வேண்டும். முதற்படி வரலாற்றுக்குச் செலுத்தும் கடன். இரண்டாம் படி இலக்கியத்துக்குச் செலுத்தும் கடன். சூடாமணி விகாரம் முதற்படியில் தோற்று இரண்டாம் படியில் வெல்கிறது. இவ்விரு முடிவுகளையும் ஒருங்கே ஏற்கும் வாசகருக்கு நாவலும் குறைவதில்லை, நாகையின் உண்மையான விகாரமும் மறைவதில்லை. கீழைக்கடற்கரையில் பிந்தையதை நினைவூட்டக் கட்டடம் எதுவும் எஞ்சாத நிலையில், இப்பிரித்தறிவைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு தமிழ் வகுப்பறைகளுக்கு உரியது. மாணவர் ஏற்கெனவே நிகழ்த்திவரும் வாதங்களிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.